பஸ் ஏறாமல் புங்கனேரிக்கு

ஜனவரி 3, புதன்

சர்க்கரை ஏறியிருக்கிறது, தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெரிய கடைவீதி ஜவுளிக்கடையில், புடவைப் பிரிவில் முப்பத்தைந்து வருடம் நின்றவன் நான். அந்த நிற்பெல்லாம் சேராதா என்று கேட்டேன். "நின்னது வேற, நடக்கிறது வேற சார்" என்றார். அவர் போட்டிருந்தது நல்ல லினன் சட்டை. தேய்த்தவனுக்குத்தான் கை சரியில்லை.

மைதானத்தைச் சுற்றி வரச் சொன்னாள் என் மனைவி தனபாக்கியம். கிளம்பின இடத்துக்கே வந்து சேர எதற்கு நடக்க வேண்டும்? நேராக ஒரு பக்கமாக நடப்பது, கால் வலித்த இடத்தில் பஸ் பிடித்து வீடு திரும்புவது என்று முடிவு செய்திருக்கிறேன். இன்று மெயின் கார்டு கேட்டிலிருந்து சாலை ரோடு வழியாகப் புத்தூர் நாலு ரோடு வரை. குடை எடுத்துப் போனது நல்லதாயிற்று.

ஜனவரி 5, வெள்ளி

இன்றும் புத்தூர் பக்கம்தான். அங்கிருந்து வயலூர் ரோட்டில் திரும்பிக் கொஞ்ச தூரம். அந்தப் பக்கம் நிழல் அதிகம்.

"நெழலா?" என்றாள் தனபாக்கியம். "அந்த ரோடு எங்க போவுதுன்னு தெரியுமில்ல?"

"வயலூருக்கு."

"வயலூருக்கு முன்னாடி ஒரு ரோடு பிரியுமே."

நான் தட்டை நீட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே தோசையைத் திருப்பினாள்.

பிரிகிற ரோடு புங்கனேரிக்குப் போகிறது. புங்கனேரியில் எங்கள் ஒரே மகன் திருநாவுக்கரசு இருக்கிறான். மாமனார் வீட்டில் இருக்கிறான். மாமனார் பெரியண்ணன் தென்னையிலிருந்து விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார், வாழைத்தோட்டத்தைப் பார்க்க ஆளில்லை, மருமகள் சுகன்யா வீட்டுக்கு ஒரே பெண் என்று காரணம் சொன்னான். எல்லாம் சரியான காரணம்தான். வீட்டோடு மாப்பிள்ளையாகப் போகிறவனுக்குக் காரணம் கிடைக்காமலா போகும்? "என்னண்ணே, பையனத் தாரை வாத்துக் குடுத்துட்டீங்களாமே" என்று கடைவீதியில் என்னை நிறுத்திக் கேட்டார்கள்.

போன ஆயுத பூஜை அன்று கற்பூரம் காட்டிக்கொண்டிருக்கும்போதுதான் அவன் அதைச் சொன்னான். "முக்கா மணி நேரந்தாம்ப்பா. நெனச்சா டவுன் பஸ் ஏறி வந்துடலாம்" என்றான். எனக்கு வந்த கோபத்தில் எரிகிற கற்பூரத்தின் மேல் கையை அடித்தேன். "உன் ஊருக்கு நான் பஸ்ஸு ஏறுனேன், வண்டி ஏறுனேன்னா என் பேரு அம்பலவாணன் இல்லடா!" உள்ளங்கை இரண்டு நாள் எரிந்தது.

கற்பூரம் அடித்துச் செய்த சத்தியம் விளையாட்டில்லை. மீறினால் நம்மோடு நிற்காது, பிள்ளைகுட்டிகள் மேல் இறங்கும். எங்கள் குடும்பத்தில் யாரும் அப்படி மீறியதில்லை. யாரும் அப்படிச் சத்தியம் செய்ததும் இல்லை என்கிறாள் தனபாக்கியம்.

நான் நடப்பது சர்க்கரைக்காக.

ஜனவரி 9, செவ்வாய்

தனபாக்கியம் சமயபுரம் போய்வந்தாள். செவ்வாய்தோறும் போகிறாள். ஏதோ வேண்டுதல். குங்குமம் கொண்டுவர மறந்துவிட்டாள், பாவம், அவளுக்கும் வயதாகிறது. வாழைப்பூ கொண்டுவந்தாள். வழியில் விற்றதாம். மடலை உரித்தால் பால் கையில் ஒட்டுகிறது, காலையில் ஒடித்த பூ. காந்தி மார்க்கெட்டில் எனக்கு இப்படி ஒன்று இதுவரை கிடைத்ததில்லை. இருவரும் உட்கார்ந்து நரம்பு எடுத்தோம்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். பானை நிறைய வைத்துவிட்டு இரண்டு பேர் சாப்பிட்டோம். காலையில் வாசலில் யாரோ ஒரு பூவன் தாரைச் சாத்திவிட்டுப் போயிருந்தார்கள். யாரென்று தனபாக்கியத்துக்குத் தெரியவில்லையாம். இனிப்பான பழம். சர்க்கரைக்கு ஆகாது என்றாலும் இரண்டு தின்றேன்.

ஜனவரி 23, செவ்வாய்

இரட்டை வாய்க்கால் வரை போய்விட்டேன். திருச்சி எங்கே முடிகிறது என்று போர்டு பார்த்தெல்லாம் தெரிந்துகொள்ள முடியாது. துணியைப் பார்த்தால் தெரியும். தில்லை நகர்ப் பக்கம் பெண்கள் நைட்டிக்கு மேல் துப்பட்டா போட்டு வாசலுக்கு வருகிறார்கள். குமரன் நகரில் துப்பட்டா துண்டாகிறது. உய்யக்கொண்டான் திருமலை தாண்டினால் நைட்டிக்கு மேல் புருஷன் சட்டை. சட்டை வந்துவிட்டால் கொஞ்ச தூரத்தில் வயலும் வந்துவிடும்.

நேற்று நின்ற இடம்வரை பஸ்ஸில் போய் அங்கிருந்து நடந்தால் என்ன என்று யோசித்தேன். சரியில்லை. அது அந்த ஊருக்குப் பஸ் ஏறியதாகத்தான் ஆகும். ஒவ்வொரு முறையும் வீட்டு வாசலிலிருந்து தொடங்க வேண்டும். திரும்பி வரும்போது ஏறலாம். திரும்புவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. சர்க்கரைக்காக நடப்பவனுக்கு இந்த யோசனையெல்லாம் எதற்கு என்று தெரியவில்லை.

பாலத்தருகே லூர்துமேரி என்கிற அம்மாள் டீக்கடை வைத்திருக்கிறாள்.

"எங்கங்கய்யா, வயலூருக்கு வேண்டுதலா?"

"சும்மா நடக்கிறேம்மா."

"சும்மா நடக்கறவங்க இவ்ளோ தூரம் வரமாட்டாங்க. சர்க்கரை போடவா?"

"வேண்டாம்."

ஜனவரி 30, செவ்வாய்

சுகன்யாவுக்கு ஆண் குழந்தை. புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில். மூன்று கிலோவாம். அரசு அவன் அம்மாவுக்குப் போன் செய்தான். அவள் போனை என் பக்கம் நீட்டினாள். நான் ஷேவ் செய்துகொண்டிருந்தேன், முகமெல்லாம் சோப்பு. அவள் பேசியபடியே புடவை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

புத்தூர் வேறு, புங்கனேரி வேறு. புத்தூருக்குத் தாராளமாகப் பஸ் ஏறலாம். யாராவது கூப்பிட்டால்.

ஜனவரி 31, புதன்

புத்தூர் வரை. ஆஸ்பத்திரிக்கு எதிரில் ஒரு வேப்பமரம். நிழல் நன்றாக இருந்ததால் கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே போகிற பெண்கள் பையில் கிழித்த துணி கொண்டுபோனார்கள். பாதிப் பேர் புதுத் துணியைக் கிழித்திருக்கிறார்கள். பிறந்த பிள்ளைக்குப் புதுத் துணி உறுத்தும். துவைத்துத் துவைத்து நைந்த பருத்தி வேட்டிதான் சரி.

பிப்ரவரி 1, வியாழன்

அதே மரம்.

பிப்ரவரி 2, வெள்ளி

என் பழைய மயில்கண் கரை வேட்டிகள் நாலு பீரோவில் இருந்தன. தேடினால் இரண்டுதான் இருக்கின்றன. மற்ற இரண்டையும் தனபாக்கியம் கரித்துணியாக்கிவிட்டாள் போலிருக்கிறது. இருந்த இரண்டைக் கரையை நீக்கிக் கிழித்து மடித்து எடுத்துக்கொண்டேன்.

இன்று கேட்டைத் தாண்டி உள்ளே போனேன். காலையிலேயே டிஸ்சார்ஜ் ஆகி ஊருக்குப் போய்விட்டார்களாம். "நீங்க யாரு?" என்று நர்ஸ் கேட்டாள். தெரிந்தவர் என்று சொன்னேன். துணிப் பையோடு திரும்பி வந்தேன்.

பிப்ரவரி 3, சனி

எனக்கு அந்தக் குழந்தையைப் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 13, செவ்வாய்

இரட்டை வாய்க்காலைத் தாண்டி ஒரு செங்கல் குவியல் வரை. வழியில் வயலூர்ப் பஸ் ஒன்று என்னைத் தாண்டிப் போனது. ஜன்னலோரம் ஒரு அம்மாள். வெங்காயத்தோல் நிறத்தில் கத்தரிப்பூக் கரை போட்ட புடவை. அந்த ரகத்தில் எங்கள் கடைக்கு ஐந்தே புடவை வந்தது, ஒன்றை நான் தனபாக்கியத்துக்கு எடுத்தேன். மற்ற நாலில் ஒன்று இந்தப் பக்கம் வந்திருக்கிறது போலும். அந்த அம்மாள் என்னைப் பார்த்ததும் சட்டென்று குனிந்துகொண்டாள். ஏதோ கீழே விழுந்திருக்கும்.

மாலையில் தனபாக்கியம் சமயபுரத்திலிருந்து வந்தாள். குங்குமம் இல்லை. வாழைத்தண்டு.

பிப்ரவரி 19, திங்கள்

சோமரசம்பேட்டையைத் தொட்டுவிட்டேன். இன்னும் கொஞ்சம் போனால் பிரிகிற ரோடு. ஆனால் இடது பாதத்தில் கொப்புளம் போட்டுவிட்டது. செருப்பு புதுசு. பிள்ளைக்குப் புதுத் துணி ஆகாது என்று தெரிந்தவனுக்குத் தன் காலுக்குப் புதுச் செருப்பு ஆகாது என்று தெரியவில்லை.

பிப்ரவரி 21, புதன்

அரசு வந்தான். சத்தியம் செய்த பிறகு முதல் தடவையாக இந்த வீட்டுப் படி ஏறினான். கறுத்திருக்கிறான். சட்டையில் வாழைக்கறை. அது எந்த சோப்புக்கும் போகாது. நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து என் முன்னால் நீட்டினான். "மார்ச் ஒண்ணாம் தேதி வெள்ளிக்கிழமை பேர் வைக்கிறோம்ப்பா. பத்தரைக்கு ராகு காலம் வந்துடுது, அதுக்கு முன்னாடி. நீங்க வரணும்."

"குழந்தையை இங்க தூக்கிட்டு வரக்கூடாதா?" என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து கேட்டேன்.

"மூணு மாசம் ஆவாம வாய்க்கா தாண்டக் கூடாதுன்னு அவங்க வீட்டுப் பெரியவங்க சொல்றாங்கப்பா."

"என்ன பேரு?"

"என்னப்பா கேள்வி இது? தாத்தா பேருதான். உங்க பேருதான். நீங்கதான் காதுல சொல்லணும். நீங்க வரலைன்னா சுகன்யா அப்பா சொல்ல வேண்டியதாப் போயிடும்."

பேப்பரில் என்ன செய்தி படித்தேன் என்று இப்போது நினைவில்லை. தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் தலைப்பேரனுக்கு அப்பாவைப் பெற்றவர் பேர்தான் என்பது எழுதாத சட்டம். அதை அவன் மாற்றிவிடுவான் என்று இத்தனை நாள் பயந்துகொண்டிருந்தேன். இப்போது வேறு பயம். நான் பஸ் ஏறிப் போனால் என் பேர் அம்பலவாணன் இல்லை. இல்லாத பேரை அந்தப் பிள்ளைக்கு எப்படி வைப்பது?

பிப்ரவரி 27, செவ்வாய்

டாக்டர் காலைப் பார்த்துவிட்டு நடக்கவே கூடாது என்கிறார். நடக்கச் சொன்ன அதே டாக்டர். சர்க்கரைக்காரன் கால் புண் லேசில் ஆறாதாம்.

தனபாக்கியம் மருந்து போட்டுக் கட்டினாள். "கோவில் உண்டியல்ல ஏதாச்சும் போட்டுட்டு சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டா சரியாப் போயிடும். எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க."

"சாமிக்கு லஞ்சமா?"

"நல்லவேளை, அந்த ஊரு மண்ண மிதிக்க மாட்டேன்னு சொல்லாம வுட்டீங்க. உங்க வாய்க்கு அதையும் சொல்லியிருப்பீங்க."

"அவன் பஸ்ஸைப் பத்தித்தானே பேசினான்" என்றேன்.

அவள் என் பாதத்தை மடியிலிருந்து இறக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 29, வியாழன்

தனபாக்கியம் இன்றே புங்கனேரிக்குக் கிளம்பிப் போய்விட்டாள். பலகாரம் செய்யக் கை வேண்டுமாம். "நான் பஸ்லதான் போறேன். நானொண்ணும் கற்பூரம் அடிக்கல" என்று சொல்லிவிட்டுப் போனாள். மோர்சாதமும் நார்த்தங்காயும் வைத்திருக்கிறாள். பழைய செருப்பை எடுத்துத் துடைத்து வைத்தேன். துணிப் பை, குடை, தண்ணீர் பாட்டில்.

மார்ச் 1, வெள்ளி

புங்கனேரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். ராத்திரி இங்கேதான் படுக்கை. கால் ஒரு வாளி வெந்நீரில் இருக்கிறது.

விடிவதற்கு முன்பே கிளம்பினேன். மெயின் கார்டு கேட்டில் பூக்காரிகள் மட்டும் இருந்தார்கள். புத்தூர் வரை கால் ஒன்றும் சொல்லவில்லை. குமரன் நகரில் சொல்லத் தொடங்கியது. லூர்துமேரி கடையில் பலகையில் உட்கார்ந்து கட்டை அவிழ்த்துப் பார்த்தேன். கொப்புளம் உடைந்திருந்தது.

"ஐயா, இந்தக் காலோடயா? ஆட்டோ கூப்பிடட்டுமா?"

"கூடாதும்மா."

"அப்படி என்ன வேண்டுதல்?"

"பேரன்" என்றேன். அவளிடம்தான் முதன்முதலாக அந்த வார்த்தையைச் சொன்னேன். அவள் சுத்தமான துணி கொண்டுவந்து தானே கட்டிவிட்டு, டீயில் சர்க்கரை போட்டுக் கொடுத்தாள். நான் குடித்தேன்.

சோமரசம்பேட்டையை அடைந்தபோது பத்து மணி ஆகிவிட்டது. இனி நல்ல நேரத்துக்குள் போய்ச் சேர முடியாது என்று தெரிந்தது. அங்கேயே ஒரு கடைப் படியில் உட்கார்ந்தேன். அப்போது ஒரு டவுன் பஸ் என் எதிரில் வந்து நின்றது. நெற்றியில் புங்கனேரி என்று எழுதியிருந்தது. "பெரியவரே, ஏறுங்க, சீட்டு காலியாத்தான் இருக்கு" என்றார் கண்டக்டர். எழுந்துபோய்க் கம்பியைப் பிடித்தேன். வலது காலைப் படியில் வைத்தும்விட்டேன். யாருக்குத் தெரியப் போகிறது? பெரியண்ணன் பிள்ளையை மடியில் வைத்துக் காதில் பேர் சொல்லிக்கொண்டிருப்பார் என்று நினைத்தபோது வயிறு எரிந்தது. இடது காலையும் தூக்க வேண்டியதுதான் பாக்கி.

தூக்கவில்லை. அந்தப் பேரை அந்தப் பிள்ளை காலம் முழுக்கச் சுமக்க வேண்டும். அதில் ஓட்டை போட்டுக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. யார் சொன்னால் என்ன, பேர் முழுசாக இருக்கட்டும் என்று காலை இறக்கிக்கொண்டேன். கண்டக்டர் முணுமுணுத்துக்கொண்டே விசில் அடித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ரோட்டில் நின்று அழுதேன்.

பிரிகிற ரோட்டில் கொஞ்ச தூரம் போனதும் எதிரில் டி.வி.எஸ்ஸில் அரசு வந்தான்.

"ஏறுங்கப்பா."

"வண்டி" என்றேன்.

"யாருக்குப்பா தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

என் காலைப் பார்த்தான். வண்டியை அணைத்துவிட்டு இறங்கினான். "அப்ப பின்னாடி சீட்டப் புடிச்சுக்கிட்டு வாங்க. புடிக்கிறதப் பத்தி ஒண்ணும் சொல்லலல்ல?"

பிடிப்பது ஏறுவது ஆகாது. அவன் வண்டியைத் தள்ள, நான் சீட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். இரண்டு பக்கமும் வாழை. வழியெல்லாம் நாங்கள் பேசியது மிகக் கொஞ்சம். ஒரு இடத்தில் அவன், "எங்க தோட்டம்ப்பா" என்றான். "தண்டு நல்லாயிருக்கு" என்றேன். இரண்டு வாரம் முன்பு சாப்பிட்ட வாழைத்தண்டு ஞாபகம் வந்தது. பொங்கலுக்கு வந்த தாரும் ஞாபகம் வந்தது.

"நேரம் போயிடுச்சே. பேர் வச்சாச்சா?"

"நீங்களே வந்து பாருங்க."

பெரியண்ணன் கைத்தடியோடு வாசலில் நின்றிருந்தார். அவர் மனைவி போய் ஆறேழு வருடமாகிறது, எல்லாவற்றுக்கும் அவரே முன்னால் வந்து நிற்க வேண்டும். "வாங்க சம்பந்தி. ராகு காலம் முடியட்டும்னு உக்காந்திருக்கோம். நேரம் இன்னொண்ணு வரும், நீங்க இன்னொருத்தர் வருவீங்களா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "போன மாசம் இரட்டை வாய்க்கா, பத்து நாள் முன்னாடி சோமரசம்பேட்டைன்னு பஸ்காரங்க சொல்லிக்கிட்டேதான் இருந்தாங்க. கொடை புடிச்ச பெரியவர் ஒருத்தர் கிட்டக் கிட்ட வந்துக்கிட்டிருக்காருன்னு. எங்க வீட்ல தெனம் அதான் பேச்சு" என்றார். இந்த மனிதரை நான் வயிறெரிந்து நினைத்தது அவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

பையிலிருந்த துணியைச் சுகன்யாவிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு சிரித்தாள். தூளியிலிருந்து பிள்ளையை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். பிள்ளையைச் சுற்றியிருந்த துணியைப் பார்த்தேன். நைந்த வெள்ளைப் பருத்தி, ஓரத்தில் மயில்கண் கரை. கிழித்தவளுக்குக் கரையை நீக்கத் தெரியவில்லை. என் வேட்டி.

தனபாக்கியம் கதவோரம் வெங்காயத்தோல் புடவையில் நின்றிருந்தாள்.

"சமயபுரத்துல வாழைப்பூ நல்லாத்தான் விக்கிது" என்றேன்.

"சக்தி உள்ள அம்மன்" என்றாள்.

பன்னிரண்டு அடித்ததும் பெரியண்ணன் தலையாட்டினார். பிள்ளைக்குக் காது மடல் முழுக்கப் பூனைமுடி. வெற்றிலையால் மறைத்துக்கொண்டு, வலது காதில் மூன்று முறை சொன்னேன். அம்பலவாணன், அம்பலவாணன், அம்பலவாணன். பிள்ளை கொட்டாவி விட்டான். பெரியண்ணன் சொன்னார், அரசு சொன்னான். சுகன்யா வெட்கப்பட்டுக்கொண்டு மாமனார் பேரை அவசரமாகச் சொல்லி முடித்தாள்.

கடைசியில் தனபாக்கியத்தின் முறை. அவள் முப்பத்திரண்டு வருடமாக என் பேரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட எதிர்வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்லுவாள். பேரனுக்குத் தாத்தா பேர் வைத்த வீடுகளில் பெண்கள் ராசா, தங்கம், பெரியவனே என்று கூப்பிட்டே காலத்தைத் தள்ளிவிடுவார்கள். இவளும் அதைத்தான் செய்வாள் என்று நினைத்தேன்.

"தங்கச்சி, வாயத் தொறந்து சொல்லணும். முணுமுணுத்தா செல்லாது" என்றார் பெரியண்ணன்.

அவள் குனிந்தாள். பிள்ளை என் மடியில் இருந்ததால் அவள் தலை என் நெஞ்சுக்கருகில் இருந்தது. வெற்றிலையை வாங்கிக் காதோரம் வைத்தாள். பிறகு சொன்னாள். மூன்று முறையும் தெளிவாக, திக்காமல் சொன்னாள். பிள்ளைக்காகச் சொன்னதுதான். எனக்கும் கேட்டது.

மார்ச் 2, சனி

ஊருக்குத் திரும்பப் பஸ். இருவரும் ஒரே சீட்டில். ஜன்னலோரம் அவள்.

மார்ச் 13, புதன்

கால் ஆறிவருகிறது. இன்னும் இரண்டு வாரத்துக்கு நடக்கக் கூடாது. அதன்பிறகு மாதம் ஒருமுறை புங்கனேரி என்று அரசிடம் சொல்லியிருக்கிறேன், வீட்டு வாசலிலிருந்து. அவன் சோமரசம்பேட்டையில் வண்டியோடு நிற்பானாம், பிடித்துக்கொள்ள.

தனபாக்கியம் இப்போதெல்லாம் சமயபுரம் போவதில்லை. செவ்வாய்க்கிழமை நேராகப் புங்கனேரிக்கே போகிறாள், மற்ற நாட்களில் போன். சுகன்யா போனைப் பிள்ளை காதில் வைத்துவிடுவாள் போலிருக்கிறது. இவள் சமையலறையிலிருந்து தெருவுக்கே கேட்கும்படி கத்துகிறாள். "அம்பலவாணா! பால் குடிச்சியாடா? தூங்கினியாடா, அம்பலவாணா?"

அத்தனை வருடம் சொல்லாததையெல்லாம் சேர்த்துச் சொல்கிறாள். டா வேறு. நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறேன். என்னை இல்லை என்று தெரியும். ஒவ்வொரு தடவையும் "என்ன?" என்று எழுந்து போய்விடுகிறேன்.